1876இல் பொய்த்த மழையும் 2016இல் பொய்த்த மழையும்: மக்களை ஊரைவிட்டு அனுப்பியது எது?

கண்மாய்க்கரை எழுதியது:

வேறோர் இழையில் ஒரு நண்பர், "மழை பொய்த்தது, சனங்கள் கிளம்பிவிட்டார்கள், இயற்கையை யார் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டிருந்தார். நான் இராமநாதபுரத்துக்காரன். வெளியூர் போய்ப் பிழைப்பது எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அதனால் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 440 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய மூன்று மாதத்தில் 168 மில்லிமீட்டர்தான் கிடைத்தது. வானிலைத் துறையின் பதிவுகளில் அதைவிடக் குறைவாகப் பெய்த ஆண்டு 1876. அதாவது 140 ஆண்டுகள் இடைவெளியில், இதே மண்ணில், ஏறக்குறைய ஒரே அளவுக்கு வானம் கைவிட்டது. பிறகு நடந்தவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள்.

2016–17இல் கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. மாடுகளை வந்த விலைக்கு விற்றார்கள். டெல்டாவில் விவசாயிகள் உயிரிழந்தார்கள், டெல்லி ஜந்தர் மந்தரில் போய் உட்கார்ந்தார்கள். 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. துயரம் சிறியதல்ல. ஆனால் ரேஷன் கடையில் அரிசி இருந்தது, நூறு நாள் வேலை இருந்தது, லாரியில் தண்ணீர் வந்தது. இளவட்டங்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள். கிழவிகளும் குழந்தைகளும் ஊரிலேயே இருக்க முடிந்தது.

1876இல் தொடங்கியதைத்தான் தாது வருடப் பஞ்சம் என்கிறோம். இரண்டு ஆண்டுகளில் தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். நாட்டில் தானியமே இல்லாமல் போய்விட்டதா என்றால், இல்லை. ரயிலில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கப்பலில் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். வைஸ்ராய் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், பஞ்ச நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. மதராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர் தாங்காத அளவு என்று எதிர்த்து எழுதினார். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சத்தில் வெட்டியதுதான்.

அந்த நேரத்தில் ஊருக்குள் வந்தவர் கங்காணி, தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர். கையில் முன்பணம், வாயில் இலங்கைக் காப்பித் தோட்டம். தொண்டி, அம்மாபட்டினம், பாம்பன் பக்கத்துக் கரைகளிலிருந்து தோணி ஏறி மன்னாரில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடை. காலராவில் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு நடந்திருக்கிறார்கள். தோணிக் கூலியும் வழிச் செலவும் கடனாக ஏறின. தோட்டத்தில் கால் வைத்த முதல் நாளே கடனாளி. அந்தக் கடனைத் தீர்த்து, தீர்ந்தது என்று எழுதிக் கொடுக்கும் "துண்டு"ச் சீட்டை வாங்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

மழை பொய்த்ததால் பசி வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பசி உயிரைக் குடித்ததும், மிச்சமிருந்தவர்களைக் கடல் தாண்டி மலைமேல் கொண்டுபோய்க் கட்டிப்போட்டதும் மனிதர்கள் எடுத்த முடிவுகள். இது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

---

லயத்துப்பிள்ளை எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் இலங்கையின் பதுளை மாவட்டம். நீங்கள் தோணியில் ஏற்றிவிட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன்.

காப்பிச் செடியில் இலைத்துரு நோய் 1869இலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. தாதுப் பஞ்சத்துக்குத் தப்பி எங்கள் பாட்டன்மார் வந்து சேர்ந்தபோது காப்பி ஏற்கெனவே நோய்பட்டிருந்தது. 1880களில் அது முற்றாகச் சரிந்தது. மறுபடியும் வேலை இல்லை, கூலி பாக்கி. பிறகுதான் தேயிலை. வறட்சிக்குப் பயந்து வந்தவர்களை ஒரு பூஞ்சை அலைக்கழித்தது.

தேயிலைக்குக் காடு வெட்டிய சரிவுகளில் லயங்களை, அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளை, கட்டினார்கள். எங்கே கட்டுவது என்று எங்களை யாரும் கேட்கவில்லை. எங்கள் மாவட்டத்துக் கொஸ்லாந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவு எல்லோருக்கும் நினைவிருக்கும். 2014 அக்டோபர் 29, காலை நேரம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பிப் போயிருந்தார்கள். மலை இறங்கி லயங்களை மூடிவிட்டது. முப்பதுக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். மாலையில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளைகள் சிலருக்குத் தாய் தகப்பன் இல்லை.

அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். "எச்சரித்தும் ஏன் போகவில்லை?" என்று கொழும்புப் பத்திரிகைகளில் கேட்டார்கள். போவதற்குக் காணி வேண்டும். லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலை செய்கிற வரைதான் அதில் இருக்கலாம். வேறு ஊரில் வாடகைக்குப் போனால் தோட்டப் பதிவிலிருந்து பெயர் வெட்டப்படும், பெயர் வெட்டப்பட்டால் ஊழியர் சேமலாப நிதி முதல் பிள்ளை மடுவம் (குழந்தைகள் காப்பகம்) வரை எல்லாம் போகும். எங்கள் லயத்தில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அடுப்படிச் சுவரில் விரிசல் இருந்தது. அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் அதில் களிமண் அப்பிச் சுண்ணாம்பு அடிப்பார். மழைக் காலத்தில் அது மறுபடி வாய் திறக்கும். எங்களுக்கு அந்த விரிசல் தெரியாமல் இல்லை.

மீரியபெத்தையில் தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு வருடம் இருந்தார்கள். 2016இல்தான் பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன.

---

மழைக்கணக்கு எழுதியது:

இரண்டு பதிவுகளும் மனத்தைப் பிசைகின்றன. ஆனாலும் கண்மாய்க்கரை ஐயா ஒரு பக்கமாகச் சாய்கிறார் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் நிர்வாகத்தின் தலையில் வைத்தால், வானிலை மாறுவதே ஒரு பொருட்டில்லை என்று ஆகிவிடும்.

உலக அளவில் உள்நாட்டு இடப்பெயர்வைக் கணக்கெடுக்கும் ஜெனிவா மையத்தின் எண்ணிக்கைப்படி 2024இல் மட்டும் பேரிடர்களால் 4.58 கோடி இடப்பெயர்வுகள். முந்தைய ஆண்டு 2.64 கோடி. 2022 பாகிஸ்தான் வெள்ளத்தில் 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள், ஏறத்தாழ 80 லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2050க்குள் 21.6 கோடிப் பேர் வரை சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயரக்கூடும் என்று உலக வங்கி 2021இல் கணித்தது.

இன்னொன்று. மழை பொய்த்தால் ரேஷன் அரிசி காப்பாற்றும். நிலமே கடலுக்குள் போனால்? ஒடிசாவின் சதபாயா கிராமங்களை ஒவ்வொன்றாகக் கடல் தின்றது. சுந்தரவனத்தின் லோகாசாரா தீவில் இன்று குடியிருப்பு இல்லை, கோராமாரா தேய்ந்துகொண்டே வருகிறது. அங்கே நல்லாட்சி நடந்தாலும் மக்கள் கிளம்பித்தான் ஆக வேண்டும்.

---

கண்மாய்க்கரை எழுதியது:

மழைக்கணக்கு அவர்களுக்கு நன்றி. அந்த 4.58 கோடி பற்றி ஒரு விளக்கம். அது ஆட்களின் எண்ணிக்கை அன்று, நகர்வுகளின் எண்ணிக்கை. ஒரே குடும்பம் ஓர் ஆண்டில் இரண்டு முறை முகாமுக்குப் போனால் இரண்டு முறை கணக்கில் வரும். புயலுக்கு முன்பே அரசு பஸ் வைத்து அழைத்துப் போனவர்களும் அதில் உண்டு.

அதனால் அந்த எண் முழுவதையும் துயரத்தின் எண்ணாக நான் பார்ப்பதில்லை. 1999 பெரும்புயலில் ஒடிசாவில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2019இல் ஃபானி புயல் வந்தபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். ஒடிசாவில் இறப்பு 64. அந்தப் பத்து லட்சமும் "இடப்பெயர்வு"தான். பிழைத்துப் பெரும்பாலோர் வீடு திரும்பினார்கள். எனக்குக் கவலை தருவது கணக்கிலேயே வராதவர்கள். விரிசல் விட்ட சுவரோடு அங்கேயே இருக்கிறார்களே, தம்பி லயத்துப்பிள்ளையின் அம்மாவைப் போல, அவர்கள்.

---

வாடைக்காற்று எழுதியது:

நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு வந்த இருநூறு மீட்டர்.

2005 மார்ச் 30 அன்று அரசாணை 172 வந்தது. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு வைத்திருந்தவர்கள் உள்ளே தள்ளிப் போனால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் புது வீடு. போக மறுத்தால் பழைய வீட்டைச் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு என்று அதில் ஒரு நல்ல அம்சமும் இருந்தது. இலங்கையில் தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று கோடு போட்டார்கள். அதே கடல், அதே அலை, கரைக்குக் கரை வேறு அளவு. எதிர்ப்பு வந்ததும் அங்கே தளர்த்திவிட்டார்கள்.

புது வீட்டைக் குறை சொல்ல மாட்டேன். கான்கிரீட் கூரை, கழிவறை, மின்சாரம், எங்கள் அப்பா காலத்தில் கனவிலும் இல்லாதவை. ஆனால் மீன்பிடித் தொழில் வீட்டு வாசலில் தொடங்குகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து முகத்தில் காற்று படும்போதே கொண்டல் காற்றா வாடைக் காற்றா என்று தெரிய வேண்டும். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது, பக்கத்துப் படகு கிளம்பிவிட்டதா, இதெல்லாம் கண்ணால் பார்த்து முடிவு செய்வது. குடியிருப்பு ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே போனதும் அதைக் கைப்பேசியில் கேட்க வேண்டியதாயிற்று. வலையையும் எஞ்சினையும் வீட்டுக்குத் தூக்கிப் போக முடியாது, கரையில் விட்டால் காவல் வேண்டும். அதனால் ஆண்கள் கரையில் கொட்டகை போட்டுப் படுத்தார்கள். கொட்டகைக்கு அடுப்பு வந்தது, பிறகு தட்டி மறைப்பு, பிறகு பெண்டு பிள்ளைகள். எங்கள் குப்பத்தில் பாதிப் பேர் இப்போது கரையில்தான். புது வீட்டை வாடகைக்கு விட்டவர்களும் உண்டு.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள், "வீடு கொடுத்தும் திரும்பி வந்துவிட்டார்கள், நன்றி கெட்டவர்கள்" என்றார்கள். அந்தப் பேச்சு இன்றும் வலிக்கிறது. உயிர்ப் பயம் எங்களுக்கு இல்லையா? என் தங்கையை அந்த அலையில் கொடுத்தவன் நான். பயத்தோடுதான் வந்தோம், பாடு கடலில் இருக்கிறது.

---

அரிச்சல்முனை எழுதியது:

வாடைக்காற்று அண்ணன் சொல்வது தனுஷ்கோடியில் 1964இலேயே நடந்துவிட்டது. டிசம்பர் 22 இரவு புயல். பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலைக்குள் போனது. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், தேவாலயம் எல்லாம் இருந்த ஊர். போட் மெயில் ரயிலில் வந்து இறங்கி, கப்பல் ஏறித் தலைமன்னார் போவார்கள். புயலுக்குப் பிறகு அரசு அதை மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது.

பாம்பன் பாலத்தை 46 நாளில் சரி செய்தார்கள். தனுஷ்கோடி வரை போன தண்டவாளத்தை மறுபடி போடவேயில்லை. ஊரில் இருந்த அலுவலர்கள், வியாபாரிகள் இராமேசுவரத்துக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்டார்கள். மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசை போட்டுத் திரும்பி வந்தன, இன்னும் இருக்கின்றன. மணலில் கையால் தோண்டினால் ஊற்று நீர் கிடைக்கும், அதுதான் குடிநீர். தகுதியற்ற இடம் என்று அறிவித்துவிட்டதால் மின்கம்பம் கேட்க முடியாது. 2017இல் சுற்றுலாவுக்காக முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது.

இந்த இழையின் முதல் பதிவோடு சேரும் ஒரு செய்தி: இந்திய, இலங்கைப் பிரதமர்கள் செய்த சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் அதே 1964 அக்டோபர் 30. தாதுப் பஞ்சத்திலும் அதன் பிறகும் போனவர்களின் பேரப்பிள்ளைகளில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். இரண்டே மாதத்தில் அவர்கள் வந்து இறங்கியிருக்க வேண்டிய துறைமுகம் இல்லாமல் போனது. பிறகு தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குத்தான் கப்பல். மண்டபம் முகாமில் தங்கி, பலர் நீலகிரிக்குப் போனார்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அவர்களுக்கு வேலை கொடுக்க அரசு தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. மறுபடியும் சரிவு, மறுபடியும் தேயிலை.

---

மேஸ்திரிமகன் எழுதியது:

இவ்வளவு நாள் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. கட்டட ஒப்பந்த வேலை செய்கிறேன். எங்கள் தளத்தில் சென்டரிங் வேலை செய்யும் பையன்களில் சுந்தரவனத்துக்காரர்கள் நிறைய. மழைக்கணக்கு ஐயா கோராமாரா என்று எழுதியதும் அவர்களில் ஒருவரிடம் கேட்டேன்.

அவர் சொன்னது: 2009 மே மாதம் ஐலா புயலில் மண்கரை உடைந்து உப்புத் தண்ணீர் வயலுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்தும் உப்பு வடியவில்லை. அடுத்த சில வருடங்கள் நெல் போட்டால் முளைத்து ஒரு சாண் வந்து மஞ்சளாகிக் கருகும். குளத்து மீன் செத்தது, மாட்டுக்குக் குடிநீர் இல்லை. முதலில் அண்ணன் கேரளாவுக்குப் போனார், பிறகு இவர் சென்னைக்கு. "புயலுக்கு அடுத்த நாளா கிளம்பினீர்கள்?" என்று கேட்டேன். இல்லையாம். டிக்கெட்டுக்கும் முதல் மாதச் சாப்பாட்டுக்கும் பணம் புரட்டவே ஒரு வருடம் ஆனதாம். ஊரில் அவருக்குத் தெரிந்த மிக ஏழைக் குடும்பங்கள் இன்னும் அங்கேதான், ஆற்றில் இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நின்று இறால் குஞ்சு பிடிக்கிறார்கள்.

நாங்கள் தகரக் கொட்டகையில் தங்கவைத்திருக்கும் இவர்களைச் சென்னை வெள்ளக் கணக்கில் யாராவது சேர்க்கிறார்களா என்று இப்போதுதான் யோசிக்கிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அவர்கள் கொட்டகைக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கட்டி முடிக்காத கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நான்கு இரவு படுத்திருந்தார்கள்.

---

மழைக்கணக்கு எழுதியது:

மேஸ்திரிமகன், நீங்கள் எழுதியது என் பக்கத்துக்கும் சாட்சி, கண்மாய்க்கரை ஐயா பக்கத்துக்கும் சாட்சி. உப்பு வயலில் நெல் வராது, அது வேதியியல். அதை எந்த அரசாணையும் மாற்றாது.

துவாலுவைப் பாருங்கள். மக்கள்தொகை சுமார் 11,000. கடல் மட்டத்திலிருந்து சராசரியாக இரண்டு மீட்டர் உயரம். 2023இல் ஆஸ்திரேலியாவோடு உடன்படிக்கை செய்துகொண்டு, ஆண்டுக்கு 280 பேர் அங்கே குடியேறலாம் என்று ஆயிற்று. 2025இல் நடந்த முதல் குலுக்கலுக்கே நாட்டின் பாதிக்கும் மேற்பட்டவர்கள், குடும்பத்தையும் சேர்த்து, பெயர் கொடுத்தார்கள். இங்கே காரணம் கடல். வேறு யார்?

---

கண்மாய்க்கரை எழுதியது:

காரணம் கடல்தான், அதில் வழக்கில்லை. அந்த 280 என்ற எண்ணைக் கடல் போடவில்லையே! யார் போகலாம், எத்தனை பேர், என்ன உரிமையோடு என்பதைப் பேசித் தீர்மானித்தார்கள். துவாலுக்காரர்கள் குடியிருப்பு உரிமையோடு போகிறார்கள், விரும்பினால் திரும்பலாம். அதற்காக அந்த நாட்டைப் பாராட்டுகிறேன், தங்கள் மக்களுக்காகப் பேரம் பேசியிருக்கிறார்கள். பக்கத்துக் கிரிபாட்டியைச் சேர்ந்த ஒருவர் இதே காரணத்துக்காக நியூசிலாந்தில் புகலிடம் கேட்டு மறுக்கப்பட்டு, 2015இல் திருப்பி அனுப்பப்பட்டார். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இனம், மதம், அரசியல் கருத்து எல்லாம் உண்டு, கடலும் வறட்சியும் இல்லை. 2020இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அவர் வழக்கை ஏற்கவில்லை. ஆனால் உயிருக்கு ஆபத்தான நிலை வந்தால் அப்படித் திருப்பி அனுப்புவது உரிமை மீறலாகலாம் என்று சொல்லிவைத்தது. ஒரே கடல் உயர்வு, இரண்டு விதமான மனிதக் கதி.

---

அடையாற்றங்கரை எழுதியது:

துவாலு வரை போக வேண்டாம், செம்மஞ்சேரிக்கு வாருங்கள். சுனாமிக்குப் பிறகு சென்னைக் கடற்கரைக் குப்பத்துக்காரர்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். கடலிலிருந்து காப்பாற்றப் போகிறோம் என்று ஏரியும் சதுப்பும் சூழ்ந்த இடத்தில் வைத்தார்கள். 2015 வெள்ளத்தில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர். அதற்குப் பிறகும் பெரிய மழை வந்தால் அதே கதைதான். மீன் விற்கும் பெண்கள் ஏலத்துக்குக் காசிமேடு போக இரண்டு பஸ் மாற வேண்டும், கூடையை ஏற்ற மாட்டேன் என்று நடத்துனர் சண்டை. என் அத்தை தொழிலையே விட்டுவிட்டு அடுக்குமாடிகளில் வீட்டு வேலைக்குப் போகிறார். பேரிடர் ஒரு தடவை வந்தது, மற்றதெல்லாம் தினமும் வருகிறது.

---

லயத்துப்பிள்ளை எழுதியது:

செம்மஞ்சேரி அக்கா சொன்னதைப் படித்துவிட்டு ஒன்று கேட்கத் தோன்றியது. உங்கள் அத்தைக்கு அந்த வீட்டுக்குப் பத்திரம் இருக்கிறதா? எங்களுக்குப் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்று பேச்சு. சிலருக்கு உறுதி (நீங்கள் பத்திரம் என்பது) கிடைத்தது, பலருக்கு இன்னும் இல்லை. உறுதி இல்லாத வீடு என்றால் நாளைக்கு அங்கேயும் விரிசல் விட்டால் விற்றுவிட்டுப் போக முடியாது.

இந்தியப் பக்கம் மூணாற்றில் பெட்டிமுடி, 2020 ஆகஸ்ட் 6 இரவு, 70 உயிர். அதுவும் லயம், அவர்களும் தமிழர்கள்.

---

அடையாற்றங்கரை எழுதியது:

ஒதுக்கீட்டு ஆணை மட்டும் இருக்கிறது தம்பி. விற்பனைப் பத்திரம் கேட்டு மனு மேல் மனு போட்டாயிற்று. மாதத் தவணை கட்டி முடித்தவர்களும் காத்திருக்கிறார்கள்.

---

கண்மாய்க்கரை எழுதியது:

பெட்டிமுடியில் இறந்தவர்களில் பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறுப் பக்கம். அதுவும் மானாவாரி பூமி, எங்கள் ஊரைப் போலவே வானம் பார்த்தது. ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்பதால், மலையில் சம்பாதித்ததை மிச்சம் பிடித்துக் கீழே ஊரில் ஒரு வீடு கட்டிவைப்பது அங்கே பலரின் வழக்கம். குடியேறத்தான் நாள் வரவில்லை.

அடையாற்றங்கரை, உங்கள் குடியிருப்பில் தவணை முடித்தவர்களின் ரசீதுகளை ஒரே கோப்பாகச் சேர்த்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் கூட்டாகக் கேட்டுப் பாருங்கள். எங்கள் ஊரில் கண்மாய் நிலத்துக்கு அப்படித்தான் வழி பிறந்தது. மனு எழுத உதவி வேண்டுமானால் எனக்குத் தனிமடல் போடுங்கள். வாடைக்காற்று, கரைக் கொட்டகைகளுக்கு வீட்டுவரி ரசீது போடுகிறார்களா, இல்லையா? அது தெரிந்தால் அடுத்து அதைப் பேசலாம்.